கஞ்சி ஆறும் வேகம்

வெறும் வெந்நீரைவிடக் கஞ்சி மெதுவாகத்தான் ஆறும். இதைத் தெரிந்துகொள்ளச் சூத்திரம் எதுவும் வேண்டாம், கஞ்சி குடித்து வளர்ந்த வாய் போதும். மேலே ஏடு படிந்து, ஆவி அடங்கி, ஆறிவிட்டதுபோலத் தோன்றும். நம்பி நடுவில் கரண்டியை விட்டு அள்ளினால் நாக்கு பொத்துப்போகும். ஓரமாக வழித்துக் குடி என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். இவ்வளவு சாதாரணமான விஷயம் சில காலமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நீரில் நுண்ணிய துகள்களைக் கலந்தால் வெப்பம் விரைவாகப் பரவும் என்று முடிவு சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் தொடர்ந்து கண்ணில் படுகின்றன. பம்பு வைத்துத் தள்ளும் நீரைப் பற்றியவை அல்ல இவை. சூடான நீர் தானாக எழும்பி, குளிர்ந்த நீர் தானாக இறங்கும் இயற்கை வெப்பச்சலனத்தைப் பற்றியவை. அதில் துகளைச் சேர்க்கச் சேர்க்க வெப்பம் கூடுதலாகக் கடக்கிறது என்கின்றன. வரைபடங்கள் ஒழுங்காக ஏறுகின்றன. சமன்பாடுகளில் குற்றம் காண முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாக்கு நம்ப மறுக்கிறது. நாக்கு தப்பாகவும் இருக்கலாம். சோற்றுப் பருக்கை எங்கே, நானோமீட்டர் அளவுத் துகள் எங்கே? இருந்தாலும் இந்த நெருடலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் விட்டபாடில்லை.

நெருடல் எனக்கு மட்டும் உரியதல்ல, அதற்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் படையையும் ஏழைகளுக்கான சூப்புக் கொப்பரைகளையும் ஒருசேர நிர்வகித்த விசித்திரமான மனிதர். திரவங்களில் வெப்பம் பரவும் விதம் பற்றி 1797-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஏறக்குறைய ஒரு சாப்பாட்டு மேசையில்தான் தொடங்குகிறது. ஆப்பிள் பணியாரம் ஏன் மற்ற பதார்த்தங்களைவிட வெகுநேரம் சுடுகிறது என்று யோசிக்கிறார். ஒருமுறை அவருக்குக் கெட்டியான அரிசி சூப்பு கொண்டுவந்து வைக்கிறார்கள். கணப்பு இல்லாத அறையில் அது அப்படியே இருக்க, ஒரு மணிநேரம் போல் கழித்து வந்து சாப்பிடுகிறார். மேலாக எடுத்த முதல் கரண்டி சில்லிட்டிருக்கிறது. இரண்டாவது கரண்டி வாயைச் சுட்டுவிடுகிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நேர்வதுதான். வேறுபாடு என்னவென்றால் அவர் அதை அங்கேயே விடவில்லை. தண்ணீரில் கொஞ்சம் மாவுச்சத்தைக் கரைத்தும், வாத்தின் மெல்லிறகைத் திணித்தும் வெப்பம் உள்ளே போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். சுத்தமான நீரைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. நீரின் நடமாட்டத்தைத் தடுத்தால் வெப்பத்தின் நடமாட்டமும் தடைபடுகிறது என்று அவர் புரிந்துகொண்டது சரி. அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, திரவங்களுக்கு வெப்பத்தைக் கடத்தும் திறனே கிடையாது என்றார். அது தவறு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சரியான அளவீட்டிலிருந்தும் தவறான முடிவுக்குப் போகலாம் என்பதை அவரே மெய்ப்பித்துவிட்டார்.

அதே கட்டுரையில் இன்னொரு காட்சி வருகிறது. ஆல்கஹால் நிரப்பிய ஒரு பெரிய வெப்பமானியைச் சூடாக்கிவிட்டு, ஆறுவதற்காக சன்னலோரம் வைக்கிறார். அதன் குமிழ் செம்பாலானது. செய்து முடித்து இரண்டு வருடம் மூடாமல் கிடந்ததில் கொஞ்சம் தூசி உள்ளே போயிருக்கிறது. வெயில் கண்ணாடிக் குழாயின் மேல் விழுகிறது. அந்தத் தூசிகள் இரண்டு சாரியாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். குழாயின் நடுவே மேலேறும் சாரி, சுவரையொட்டி இறங்கும் சாரி. குழாயைச் சாய்த்தால் ஏறும் ஓட்டம் மேற்பக்கத்துக்கு ஒதுங்குகிறது. பக்கங்களைக் குளிர்வித்தால் வேகம் கூடுகிறது. அறையின் சூட்டுக்குத் திரவம் இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. தூசி இல்லாவிட்டால் அந்தக் குழாய் எப்போதும்போல அசையாத கண்ணாடியாகவே தெரிந்திருக்கும். பின்னர் அவர் வேண்டுமென்றே துகள் கலந்து பார்த்தார். அம்பரைப் பொடித்துப் போட்டு, அது மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும்வரை நீரில் காரம் சேர்த்து அடர்த்தியைச் சரிப்படுத்தினார். ஒரே கட்டுரையில் துகளுக்கு இரண்டு வேலை. தூசியாக வந்து ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது, மாவாக வந்து ஓட்டத்தை மறிக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது? பார்ப்பதற்காகப் போட்ட துகள் எந்தப் புள்ளியில் பார்க்கப்படும் பொருளையே மாற்றத் தொடங்குகிறது? அம்பர்ப் பொடிக்குக் காரம் சேர்த்து எடை பார்த்தவருக்கு இந்தக் கவலை இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

களி கிண்டுகிறவர்களுக்கு இந்த எல்லைக்கோடு கையில் தெரியும். உலையில் தண்ணீர் மட்டும் இருக்கும்போது யாரும் துடுப்பைத் தொடுவதில்லை. அடியில் சூடேறிய நீர் இலேசாகி எழும்புகிறது, மேலேயுள்ளது இறங்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது. பாத்திரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கேழ்வரகு மாவு விழுந்ததும் முதலில் ஒன்றும் ஆவதில்லை. மாவு கலங்கி, எழும் நீரோடு சேர்ந்து எழுந்து, ஓட்டத்தை இன்னும் துலக்கமாகக் காட்டும். பிறகு மாவு நீரைக் குடிக்கிறது, உப்புகிறது, ஒன்றோடொன்று உரசுகிறது. ஓட்டம் தளர்ந்து, ஒரு கட்டத்தில் நின்றேவிடுகிறது. அதன்பின் அடியில் பிறக்கும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. அடி தீய்கிறது, மேலே பச்சை மாவு வாசனை போகவில்லை. இடையில் சிக்கிய ஆவி குமிழாகத் திரண்டு சொத்தென்று வெடித்து முழங்கையில் தெறிக்கிறது. துடுப்பை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். இயற்கை கைவிட்ட வெப்பச்சலனத்தை மனிதக் கை தோள் வலிக்க நடத்திவைக்கிறது.

துகளைச் சாட்சியாக நம்புவதிலும் சங்கடம் உண்டு. 1870-இல் ஜான் டிண்டால் தூசி நிறைந்த ஒளிக்கற்றைக்குக் கீழே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைப் பிடித்தார். கம்பியிலிருந்து கரும்புகைபோல ஒன்று எழுந்து ஒளிக்குள் புகுந்தது. அது புகையே அல்ல, தூசி இல்லாத காற்று. ஒளியைச் சிதறடிக்கத் துகள் இல்லாததால் இருளாகத் தெரிந்தது. தூசி எரிந்துபோயிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் தூசியை எரிக்கப் போதாத இளஞ்சூட்டிலும் அந்த இருள் எழுந்தது. 1882-இல் ரேலியும் 1884-இல் ஜான் எய்ட்கனும் இதைத் துருவினார்கள். சூடான பரப்பின் பக்கம் இருக்கும் காற்று மூலக்கூறுகள் துகளை வலுவாக மோதுகின்றன, குளிர்ந்த பக்கத்தவை மெல்ல மோதுகின்றன. ஆக, துகள் வெப்பத்தைவிட்டு விலகித் தள்ளப்படுகிறது. மாடக்குழியில் விளக்குச் சுடரிலிருந்து தள்ளி இருக்கும் குளிர்ந்த சுவரில் கரி அப்பிக்கொள்வதில் இந்தத் தள்ளலுக்கும் பங்குண்டு. அப்படியானால் நம் சாட்சி, சம்பவம் நடக்கும் சூடான இடத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் சாட்சி. துகளின் ஓட்டமும் பாய்மத்தின் ஓட்டமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இருண்ட இடைவெளியை ஒரு நிமிடமாவது நினைத்துப்பார்க்க வேண்டும்.

கணக்கின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. மேக்ஸ்வெல் 1873-இல் எழுதிய மின்காந்தவியல் நூலில், ஒரு பொருளுக்குள் வேறொரு பொருளின் சிறு கோளங்கள் சிதறிக் கிடந்தால் மொத்தத்தின் கடத்துதிறன் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். மின்சாரத்துக்காகப் போட்ட கணக்கு வெப்பத்துக்கும் அப்படியே பொருந்தும். கனஅளவில் நூற்றுக்கு ஒரு பங்கு துகள் என்றால், துகள் எவ்வளவு சிறந்த கடத்தியானாலும் கலவையின் கடத்துதிறன் 3 சதவீதம் போலத்தான் கூடும். செலவுப் பக்கத்தை எழுதியவர் ஐன்ஸ்டைன். 1906-இல் அச்சான தன் முனைவர் பட்ட ஆய்வில், கோளங்கள் கலந்தால் திரவத்தின் பாகுநிலை எவ்வளவு கூடும் என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். பாரிசில் ழான் பெரனின் ஆய்வகத்தில் பான்ஸ்லின் என்பவர் ஒரு மஞ்சள் மரப்பிசினின் நுண்துகள்களை நீரில் கலந்து அளந்தபோது, பாகுநிலை அந்தச் சூத்திரம் சொன்னதைவிட மிக அதிகமாகக் கூடியது. ஐன்ஸ்டைன் அந்தச் சோதனையைச் சந்தேகிக்கவில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும், அங்கும் கடிதங்கள் போய் வந்தன. ஆனால் முடிவில் தன் கணக்கைச் சரிபார்க்கும்படி லுட்விக் ஹாப்ஃபிடம் கேட்டார். ஹாப்ஃப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்தம் வெளியானது. நூற்றுக்கு ஒரு பங்கு துகளுக்கு 1 சதவீதம் கூடும் என்றிருந்தது 2.5 சதவீதம் ஆயிற்று. மரப்பிசின் கலங்கிய ஒரு குவளைத் தண்ணீர் ஐன்ஸ்டைனைத் திருத்திய கதை இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி ஏற்படுகிறது. கூடவே, இன்று அந்தக் குவளையை யார் எடுத்து வைக்கிறார்கள் என்ற கவலையும் வருகிறது.

நவீன அத்தியாயம் 1995-இல், அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ஸ்டீஃபன் சோய் முன்வைத்த யோசனையோடு தொடங்குகிறது. மில்லிமீட்டர் துகள்கள் குழாயை அடைக்கும், அரிக்கும், படியும். நானோமீட்டர் துகள்கள் மிதந்தபடியே இருக்கும், உலோகத்தின் கடத்துதிறனில் ஒரு பங்கை நீருக்குக் கொடுக்கும். 2001-இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எத்திலீன் கிளைக்காலில் 10 நானோமீட்டருக்கும் குறைவான செம்புத் துகள்கள், கனஅளவில் வெறும் 0.3 சதவீதம். கடத்துதிறன் 40 சதவீதம் கூடியது. மேக்ஸ்வெல்லின் கணக்குப்படி 1 சதவீதம்கூட எட்டாது. மேக்ஸ்வெல் தோற்றார் என்று உலகெங்கும் உற்சாகம். துகளின் நடுக்கமே வெப்பத்தைச் சுமக்கிறது, துகளைச் சுற்றி நீர் படிகம்போல் அடுக்காகிறது என்று விளக்கங்கள் வரிசைகட்டின. கடைசியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜகோபோ புவாஞ்ஜோர்னோ ஒருங்கிணைக்க, முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே மாதிரித் திரவங்களைப் பங்கிட்டுக்கொண்டு தனித்தனியே அளந்தன. 2009-இல் முடிவு வந்தது. தாங்கள் அளந்த திரவங்களில் அதிசயம் எதுவும் இல்லை, மேக்ஸ்வெல் வழிவந்த பழைய கோட்பாடே போதும் என்றார்கள். பரபரப்பு அறிவிப்புக்குக் கிடைத்த கூட்டம் இந்த அடக்கமான அறிவிப்புக்குக் கிடைக்கவில்லை.

இது கடத்துதிறன் என்ற ஒற்றைக் குணத்தின் கதை. என் உறுத்தல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இயற்கை வெப்பச்சலனத்தைப் பற்றி 2003-ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கலீல் கனாஃபர், கம்பீஸ் வஃபாய், மரிலின் லைட்ஸ்டோன் மூவரின் கணிப்பொறிக் கணக்கு. ஒரு சதுரப் பெட்டியில் செம்புத் துகள் கலந்த நீர், ஒரு பக்கச் சுவர் சூடு, எதிர்ச் சுவர் குளிர்ச்சி. துகள் கூடக்கூட வெப்பப் பரிமாற்றம் கூடியது. மற்றொன்று நண்டி புத்ரா, வில்ஃபிரிட் ரோட்சல், சென்னை ஐஐடியின் சரித் குமார் தாஸ் மூவரும் செய்த சோதனை. படுக்கைவாட்டில் வைத்த உருளை, ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி. உள்ளே அலுமினாவோ தாமிர ஆக்சைடோ கலந்த நீர். துகள் கூடக்கூட வெப்பப் பரிமாற்றம் குறைந்தது. ஒரே ஆண்டு, ஒரே கேள்வி, எதிரெதிரான பதில். வடிவம் வேறு, துகள் வேறு, அளவும் வேறு என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் 2008-இல் தைவானைச் சேர்ந்த ஹோவும் உடனுழைப்பாளர்களும் செய்துகாட்டிய ஒரு காரியத்துக்குப் பிறகு அந்தச் சமாதானம் தங்கவில்லை. அதே சதுரப் பெட்டி, அதே சமன்பாடுகள். பாகுநிலைக்கும் கடத்துதிறனுக்கும் போடும் சூத்திரங்களை மாற்றிப் பார்த்தார்கள். முடிவைப் புரட்டியது பாகுநிலையின் சூத்திரம்தான். ஒரு சூத்திரத்தைப் போட்டால் வெப்பப் பரிமாற்றம் கூடியது, வேறொன்றைப் போட்டால் குறைந்தது. பதில் பெட்டிக்குள் இல்லை. உள்ளே போடும்போதே கையில் இருந்திருக்கிறது.

கூடும் என்று சொல்கிற கணக்கு முட்டாள்தனமானதும் அல்ல என்பதுதான் சிக்கல். இயற்கை வெப்பச்சலனத்தில் கடத்துதிறனின் ஏற்றம் முக்கால் அடுக்கில் பலன் தருகிறது, பாகுநிலையின் ஏற்றம் கால் அடுக்கில்தான் தொல்லை தருகிறது. மேக்ஸ்வெல்லையும் ஐன்ஸ்டைனையும் மட்டும் வைத்துக்கொண்டால் ஆதாயமே மிஞ்சும். ஆனால் அவர்கள் இருவரின் துகள்களும் தனித்தனியே, ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும் நல்ல பிள்ளைகள். நிஜத் துகள்கள் கொத்துக்கொத்தாகச் சேர்கின்றன. கொத்தின் இடுக்குகளில் நீரைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. தராசு சொல்வதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, பாகுநிலையை ஐன்ஸ்டைனின் வரம்புக்கு வெகு மேலே ஏற்றிவிடுகின்றன. கடத்துதிறன் கூடட்டும், ஓட்டமும் குறையக் கூடாது என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. ஹோவின் குழுவே 2010-இல் அலுமினா கலந்த நீரை நிஜப் பெட்டிகளில் ஊற்றி அளந்தது. 0.1 சதவீதம் என்ற மிகக் குறைந்த அளவில் ஓரளவு கூடியது, 2 சதவீதமும் அதற்கு மேலும் போனபோது குறைந்தது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாக்கின் தீர்ப்பும் முழுச்சரி இல்லை, ஏதோ ஒரு மெல்லிய இடைவெளியில் துகள் உதவவும் கூடும்.

எனக்கு இந்த விவகாரத்தில் எல்லாவற்றையும்விடத் தொந்தரவு தருவது மிதப்பு விசையின் பலவீனம். 30 டிகிரியில் இருக்கும் நீரை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி ஆயிரத்தில் மூன்றரைப் பங்குதான் குறைகிறது. உலையின் கொந்தளிப்பு முழுவதற்கும் முதல் இந்தச் சிறு வித்தியாசம். அலுமினா நீரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தி கொண்டது. கனஅளவில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால் கலவையின் அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 டிகிரிச் சூடு கொடுக்கும் எழுச்சியை முழுக்க அழிக்க, அடியிலுள்ள நீரில் மேலே இருப்பதைவிடக் கனஅளவில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு சொச்சம் துகள் அதிகமிருந்தால் போதும். கண்ணால் பார்த்தால் தெரியாத வித்தியாசம் அது. மணிக்கணக்கில் ஒலியலைகளால் குலுக்கி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேதிப்பொருள் சேர்த்து, அலமாரியில் வைத்த குப்பியைச் சில வாரம் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்கழுத்தில் ஒரு விரற்கடை தெளிவாகியிருக்கும், அடியில் கலங்கல் கனத்திருக்கும். சதுரப் பெட்டிக் கணக்குகளில் பெரும்பாலானவை கலவையை ஒரே சீரான திரவமாக எடுத்துக்கொள்கின்றன. எல்லா இடத்திலும் எப்போதும் ஒரே அளவு துகள். படிவது கிடையாது, ஒதுங்குவது கிடையாது, கொத்துச் சேர்வது கிடையாது. துகளுக்கும் நீருக்கும் இடையே வழுக்கலை உண்டாக்கக்கூடிய ஏழு காரணங்களை 2006-இல் புவாஞ்ஜோர்னோ அலசி, துகளின் நடுக்கமும் வெப்பத்திலிருந்து விலகும் குணமும்தான் முக்கியம் என்று காட்டிய பிறகும் இது பெரிதாக மாறவில்லை. துகள் கலந்த பாய்மத்தைப் பற்றிய ஆய்வில் துகளே இல்லை. அதன் பெயரில் நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன: அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு, கடத்துதிறன், பாகுநிலை.

சதுரப் பெட்டி மேல் எனக்குப் பகை இல்லை. காற்று நிரம்பிய பெட்டிக்கு 1983-இல் ஆஸ்திரேலியாவில் கிரஹாம் டி வால் டேவிஸ் கொடுத்த துல்லியமான விடைகள்தான் இன்றும் கணிப்பொறி நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு உரைகல். அந்த விடைகளில் ஒன்றான 1.118 என்ற எண்ணைத் தன் நிரல் எட்டும் கணத்தில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் உண்மையானது. ஆனால் அந்தப் பெட்டி பயிற்சிக்களம். அதற்குள் செம்புக்குப் பதில் வெள்ளி, சதுரத்துக்குப் பதில் முக்கோணம், ஒரு சுவர் அலையலையாக, கொஞ்சம் காந்தப்புலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதும்போது பயிற்சிக்களமே ஊராகிவிடுகிறது. அங்கே வெப்பம் குறைந்தது என்று எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. குறைந்தது என்பது தோல்வியின் சொல்லாகப் படுகிறது. அதையும் மீறி, ஒரு உருளையில் நீரை ஊற்றி, குறைந்ததைக் குறைந்தது என்று எழுதிய மூவர் அணியில் நம் சென்னையைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார் என்பதை நம் பொறியியல் கல்லூரிகள் நினைவில் வைத்திருக்கலாம். கலங்கிய நீரின் வெப்பச்சலனம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவரிடம் வழிகாட்டி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: பாகுநிலைக்கு எந்தச் சூத்திரத்தைப் போட்டாய், அதை மாற்றிப் போட்டால் விடையின் திசை மாறுகிறதா? மாறுகிறது என்றால் அந்தக் கணக்கு இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆய்வேட்டை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பாத்திரத்தில் அளந்துவிட வேண்டும்.